மூணு கால் கொழுப்பு

மல்லிகா, எனக்கு வருஷத்துக்கு நம்பர் வைத்து நினைக்கத் தெரியாது, அது உனக்கே தெரியும். எது நடந்த வருஷம் எது நடந்தது என்பதுதான் என் கணக்கு. திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்துத் தனி ஜில்லா ஆக்கினார்களே, அந்த வருஷம் உன் அக்கா தனத்தின் மூத்த பிள்ளை போனான். பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்களே, அந்த வருஷம் அவளுடைய இளையவன் போனான். அடுத்த வருஷமே, வேண்டாம், ஒன்றாகவே இருக்கட்டும் என்று இரண்டு ஜில்லாவையும் சேர்த்துவிட்டார்கள். ஜில்லாவைச் சேர்த்துவிடலாம். இப்போது வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுக்கிற இந்த வருஷம் அரியலூரை மறுபடியும் பிரித்துவிட்டார்கள். உன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வெடி வெடித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவன் என் வாயில் லட்டைத் திணித்து, "நம்ம ஊரு தனி மாவட்டம் ஆயிடுச்சு பெரியவரே, கொஞ்சம் சிரிங்க" என்றான். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஜில்லாவைப் பிரிக்கிறபோதெல்லாம் நம் வீட்டில் ஒரு ஆண் பிள்ளை போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பைத்தியக்கார எண்ணம்தான். ஆபீசில் கோடு போடுகிறவனுக்கும் நம் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பயந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் சகுனம்தான் தாயி.

இதை எழுதுகிறவன் கீழத்தெரு டெய்லர் சேகர். தைக்க வேண்டிய ஜாக்கெட்டை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். "பெரியப்பா, நீங்க பேசறதைப் பாத்தா இது கடுதாசி இல்ல, கல்யாணப் பந்தல் அளவுக்கு நீளும்" என்கிறான். நீளட்டும். நீ பத்தாவது படித்தவள், உனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை, அதனால் மனசில் இருப்பதை எல்லாம் சொல்லிவிடலாம். மாப்பிள்ளையின் செல்லுக்குப் போன் போட்டால், "அவ வேலையா இருக்கா மாமா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நேரில் வந்தால் உன் மாமியார் வாசலிலேயே நிறுத்தி, "பேரனுக்குக் காதுகுத்து வெச்சிருக்கோம், சீர்வரிசை பத்தி ஒரு வார்த்தை பேசாம வெறுங்கையை வீசிக்கிட்டு வர்ற தாத்தன் இந்த மீன்சுருட்டி வட்டாரத்துலயே நீங்க ஒருத்தருதான் சம்பந்தி" என்றார். அவருக்குப் பின்னால் நீதான் தெரிந்தாய். நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தாய். வேலு உன் தோளில் கிடந்தான். ஒன்றரை வயசுப் பிள்ளை, தாத்தாவைப் பார்த்தால் இடுப்பிலிருந்து துள்ள வேண்டாமா? அவன் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"மருந்து குடுக்கிறியா?" என்று கேட்டேன். உன் மாமியார்தான் சொன்னார்: "தை மாசம் எங்க குலசாமி சன்னதியில மொட்டை அடிச்சுக் காது குத்தற வரைக்கும் இங்கிலீசு மருந்து கிடையாதுன்னு வேண்டியிருக்கோம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளைக்கும் விரதம், விளக்கு வெச்ச பிறகுதான் பால்." என்னை வழியனுப்பப் படி வரைக்கும் வந்து, வாய்க்குள்ளேயே நீ ஒரு வார்த்தை சொன்னாய்: "எத்தனை ஊசி போட்டாலும் போறது போவும்பா. நம்ம வூட்ல எது தங்குச்சு? என் மடியிலயாவது போவட்டும்." அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். மல்லிகா, நான் உன்னிடம் கையேந்திக் கேட்கிறேன். அந்தக் காதுகுத்தை நிறுத்து. மருந்தைக் கொடு. பிள்ளையைப் பட்டினி போடாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா முன்னால் நீயும் தனமும் நானும் உட்கார்ந்திருந்தோமே, அந்த நாளை நினைத்துப் பார். வேலுவின் ரத்தத்தையும் மூத்திரத்தையும் எங்கேயோ வெளியூருக்கு அனுப்பி, அங்கிருந்து கடல் தாண்டி அனுப்பி, பதில் வந்திருந்தது. அந்தம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இது அம்மா வழியா வர்ற நோய்" என்றாள். அவ்வளவுதான், நீ எழுந்துவிட்டாய். "உக்காரும்மா, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள் அவள். "முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். நீ ஏன் ஓடினாய் என்று எனக்குத் தெரியும். இளையவன் செத்த மறு மாசம் உன் அக்காவை அவள் புருஷன் வீட்டார் பெட்டியோடு நம் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். "பிள்ளையை முழுங்குற வயிறு" என்றார்கள். அப்போது நீ பாவாடை சட்டையில் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அம்மா வழி என்ற வார்த்தை உன் புகுந்த வீட்டுக் காதில் விழக் கூடாது என்றுதான் ஓடினாய். ஆஸ்பத்திரியே வேண்டாம், சாமி பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னதும் அதில் போய் ஒளிந்துகொண்டாய். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீ பாதியைக் கேட்டுவிட்டு ஓடிப்போனாய். மீதியைக் கேட்டது நானும் தனமும். மீதியில்தான் உயிர் இருக்கிறது.

நீ போன பிறகு டாக்டரம்மா பேனாவை எடுத்து, "தாத்தா, இந்த அம்மா கூடப் பிறந்த ஆம்பளைங்க? உங்க சம்சாரத்தோட கூடப் பிறந்தவங்க?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "எங்க வூட்டுப் பிள்ளைங்களுக்குக் காது குத்த மடி குடுக்கத் தாய்மாமனே கிடையாதும்மா. என் சம்சாரத்தோட அண்ணந்தம்பி சின்னதுலயே போயிட்டாங்க. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. தனத்தோட இளையவனுக்கு என் தம்பி மவன்தான் மாமன்னு உக்காந்தான்." அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த மடி ஏன் எப்பவும் காலியாவே இருக்குன்னு யாரும் கேக்கலையா தாத்தா?" என்றாள். மல்லிகா, சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வந்து விழுந்ததும் எனக்குக் கிணற்றுக்குள் கல் விழுந்து சத்தம் மேலே வர நேரம் ஆகிற மாதிரி ஆகிவிட்டது.

பிள்ளை அப்பன் வம்சம், அப்பன் சாமிக்கு உரியவன் என்றுதானே நாம் நினைத்திருக்கிறோம். ஒரு பிள்ளை செத்தால் குற்றத்தை அப்பன் வீட்டில்தான் தேடுவோம். என் மூத்தவன் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போனபோது, நான் ஊர் ஊராகக் கிணறு வெட்டிப் பூமியைப் புண்ணாக்கின பாவம் என்றார்கள். அடுத்தவன் பிறந்ததும் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு வாங்குகிற மாதிரி வாங்கி, தவிடன் என்றே பேர் வைத்தோம், எமனுக்கு அருவருப்பாக இருக்கட்டும் என்று. எமன் அருவருக்கவில்லை. உன் அம்மாவின் தாய் வீட்டில் ஆண் பிள்ளைகள் செத்ததற்குப் பங்காளி செய்வினை காரணம். அரியலூரில் தனத்தின் மூத்தவனுக்குச் சுண்ணாம்புக்கல் புழுதி காரணம், இளையவனுக்கு அவர்கள் குலசாமிக்கு நேர்ந்த கிடாயை வெட்டாதது காரணம். வீட்டுக்கு ஒரு சாமி, வீட்டுக்கு ஒரு குற்றம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவளுக்குச் சாமி மாறிவிடுகிறது, ஊர் மாறிவிடுகிறது. ரத்தம் மாறவில்லையே. ஒரு பெண் பிள்ளையிடமிருந்து இன்னொரு பெண் பிள்ளைக்கு அது சத்தமில்லாமல் நடந்து வந்திருக்கிறது. நாலு ஊர்ச் சாமியை நாலு வீடும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டிருந்தோம்.

"அப்படின்னா என் சம்சாரத்து மேலயாம்மா குத்தம்?" என்று கேட்டேன். அவள் செத்து இந்த மாசியோடு அஞ்சு வருஷம். சாகிற வரைக்கும் தன் வயிற்றைத் தானே கிள்ளிக்கொள்வாள், நீ பார்த்திருக்கிறாய். டாக்டரம்மா, "குத்தம்னு சொல்லாதீங்க தாத்தா. ஒருத்தர் வீட்டுல விளக்குக்கு ரெண்டு திரி இருக்கு. ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு எரியும். பொம்பளைங்களுக்கு அப்படி. அதனால அவங்களுக்கு எதுவும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. ஆம்பளைப் பிள்ளைக்கு இதுல ஒரே திரிதான். அம்மாகிட்டருந்து எந்தத் திரி வருதுங்கிறது யார் கையிலயும் இல்ல, பூவா தலையா மாதிரி" என்றாள். ஆகவே உன் மேலும் குற்றம் இல்லை, உன் அக்கா மேலும் இல்லை. இதைக் கேட்டதும் தனம் அந்த நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது நோய் என்ன என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. "கொழுப்புல கோளாறு" என்றாள் அந்தம்மா. "எலும்பும் தோலுமாக் கெடக்குறவனுக்குக் கொழுப்பாம்மா? எங்க இருக்கு, எனக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். சிரித்துவிட்டாள். வயிற்றில் தொங்குகிற கொழுப்பு இல்லையாம். நம் ஒவ்வொரு சதைக்குள்ளும், அதிலும் ஓயாமல் அடிக்கிற நெஞ்சுக்குள் ரொம்ப நெருக்கமாக, கண்ணுக்குத் தெரியாத உலைகள் இருக்கின்றனவாம். அதற்கு மைட்டோகாண்ட்ரியா என்று பேர். எனக்கு வாயில் நுழையவில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துச் சேகர் எழுதிவிட்டான். தின்கிற சோற்றையும் இழுக்கிற மூச்சையும் சேர்த்துப் பலமாக மாற்றுகிறது அந்த உலைதான். உலைக்கு உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு தோல். தோல் முழுக்கக் கொழுப்பு. அந்தக் கொழுப்பில்தான் வேலைக்காரப் புரதங்கள் ஊன்றி நிற்கின்றன. ஒன்று வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும், கடைசியில் நிற்பது மூச்சுக்காற்றோடு சேர்த்துவிடும். எல்லாம் ஒட்டி நின்றால்தான் கை மாறும். ஒட்டி நிற்க வைப்பது ஒரு தனி ஜாதிக் கொழுப்பு. மற்றக் கொழுப்புக்கு இரண்டு கால், இதற்கு நாலு கால். செய்த உடனே அது சரியாக இருக்காதாம். வேண்டாத காலைக் கழற்றி நல்ல காலாக மாட்டிவிட ஒரு கைவேலைக்காரன் உண்டு. நம் வேலுவுக்கு அந்தக் கைவேலைக்காரன் இல்லை. அதனால் அந்தக் கொழுப்பு அவன் உடம்பில் குறைச்சலாக இருக்கிறது, இருப்பதிலும் நிறைய மூணு காலோடு நிற்கிறது.

நான் கேட்டேன், "அந்த வேலைக்காரப் புரதமெல்லாம் கெட்டுப்போச்சாம்மா?" அவள் சொன்னாள், "இல்ல தாத்தா, அதுங்க நல்லாத்தான் இருக்கு. சேர்ந்து நிக்க முடியல. கூட்டமா நிக்க வேண்டியது பிஞ்சு பிஞ்சு நிக்குது. நிக்கிற தரைதான் சரியில்ல." அதைச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது மல்லிகா. பூலாம்பாடிப் பக்கம் நாங்கள் ஒரு கிணறு வெட்டினோம், நீ பிறக்கும் முன்னால். பக்கவாட்டில் படி வெட்டி, படிக்கு ஒரு ஆளாக நின்று, அடியிலிருந்து மண்சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றுவோம். கையும் கையும் தொடுகிற தூரத்தில் ஆள் நிற்க வேண்டும். அந்த வட்டாரத்திலேயே பலசாலிகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் பாதி ஆழத்தில் களிமண் வந்துவிட்டது, மேலிருந்து ஊற்று வேறு கசிந்தது. படி எல்லாம் வழவழ என்று ஆகிவிட்டது. காலை ஊன்ற முடியாமல் ஒருவன் இடப்பக்கம் ஒதுங்குகிறான், ஒருவன் வலப்பக்கம் ஒதுங்குகிறான். இடைவெளி விழுந்துவிட்டது. சட்டி கைக்கு எட்டவில்லை. பாதி மண் கீழே நிற்கிறவன் தலையிலேயே கொட்டுகிறது. ஆளுக்கு ஆள் சண்டை. மேஸ்திரி மேலே நின்றுகொண்டு, "குடிச்சுட்டு வந்தீங்களாடா, நாலு பேரு சேந்து ஒரு சட்டியைத் தூக்கத் தெரியலையே, வெக்கமா இல்ல?" என்று கத்துகிறார். யாரும் குடிக்கவில்லை. ஆள் எல்லாம் நல்ல ஆள்தான். நிற்கிற மண்தான் சரியில்லை.

அந்தம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்படித்தான், அப்படியேதான்" என்றாள், "கொட்டுற மண்ணு கீழ நிக்கிறவன் மேல விழுதுன்னு சொன்னீங்களே, உலைக்குள்ளயும் அப்படிச் சிந்துறது அந்த உலையையே அரிக்கும்" என்றாள். அப்புறம், "அந்தக் கிணறு என்ன ஆச்சு தாத்தா, விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். விடவில்லை மல்லிகா. களியை மாற்ற நம்மால் முடியுமா? காட்டில் காய்ந்து கிடந்த பருத்திச் செடியை, அந்தப் பருத்திமாரைக் கட்டுக் கட்டாக இறக்கி ஒவ்வொரு படியிலும் போட்டு மிதித்தோம். கால் நின்றது. பழைய வேகம் வரவில்லை, சட்டியைப் பாதி நிரப்பித்தான் ஏற்றினோம், ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் வேலை நடந்தது. தண்ணீர் வந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் மக்காச்சோளம் விளைகிறது. "தரையை மாத்துற மருந்து இன்னும் உலகத்துலயே இல்ல தாத்தா. என்கிட்ட இருக்கிறது உங்க பருத்திமாருதான்" என்றாள். நீ நிறுத்தி வைத்திருக்கிற மருந்து அதுதான் தாயி. நெஞ்சுக்கு ஒரு சொட்டு மருந்து, நீர் சேராமல் இருக்க ஒரு மருந்து. வேலுவின் காலுக்கடியில் கிடக்கிற மாரை நீ உன் கையாலேயே உருவிக்கொண்டிருக்கிறாய்.

பட்டினி ஏன் ஆகாது என்றால், அவன் உடம்பில் சேமிப்பு இல்லை. நாமெல்லாம் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் உடம்பில் இருப்பதை எடுத்து எரித்துக்கொள்வோம். அவன் தன் சதையையே எடுத்து எரிப்பான், அதிலும் நெஞ்சுச் சதை மெலியும். சாமி கேட்கிற விரதமா அது? படுக்கப் போகும்போது அந்த வெள்ளை மக்காச்சோள மாவை, சூப்புக்குக் கரைப்பார்களே அதை, காய்ச்சாமல் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள், விடிகிற வரைக்கும் மெல்ல மெல்லக் கரைந்து தாங்குமாம். எவ்வளவு என்று சீட்டில் எழுதியிருக்கிறாள், அந்தச் சீட்டைச் சேகர் இதோடு வைத்துத் தைத்திருக்கிறான். தனம் கேட்டுவிட்டு, "நம்ம ஜில்லாவே கோழித் தீவனத்துக்குச் சோளம் போடுது, நம்ம பிள்ளைக்கு மருந்து அதுக்குள்ளயா ஒக்காந்திருந்துச்சு" என்றாள்.

காதுகுத்துதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். அவன் ரத்தத்தில் கிருமியை எதிர்த்து நிற்கிற வெள்ளை அணு சில வாரம் இருக்கிறது, சில வாரம் ஒன்றுமே இல்லை. எந்த வாரம் இல்லை என்று ரத்தம் பார்க்காமல் தெரியாது. அந்த வாரத்தில் ஆசாரி ஊசியைக் குத்தி, ஓட்டையில் வேப்பங்குச்சியைச் சொருகி, அதில் ஒரு பொட்டுச் சீழ் பிடித்தால் போதும். தனத்தின் இளையவனை நினைத்துப் பார். அவன் நெஞ்சு நின்று போகவில்லை. காது குத்தின நாலாம் நாள் காய்ச்சல், அப்புறம் நினைவு திரும்பவில்லை. அதைத்தான் கிடா வெட்டாத குற்றம் என்றார்கள். தாயி, இன்னொரு பிள்ளையை அந்த மணையில் உட்கார வைக்காதே. நான் சீர் கொண்டு வரமாட்டேன். ஊர் காறித் துப்பட்டும். தாத்தன் சீர் வராமல் காது குத்த மாட்டார்கள் அல்லவா, அதற்காகத்தான் வெறுங்கையோடு வந்தேன், வெறுங்கையோடுதான் வருவேன்.

உன் பயத்துக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறேன். அம்மா வழி என்று அங்கே சொல்லாதே. என் மேல் போடு. "எங்கப்பன் கெணறு வெட்டும்போது அடியில இருந்த பூதத்தைக் கெளப்பி விட்டுட்டான், அது பேரனைப் பிடிச்சிருக்கு, அந்தக் கெழவன் கொண்டாந்து தர்ற மருந்தைத்தான் குடிக்கணும், வேற வேண்டுதல் எடுபடாதுன்னு குறி வந்திருக்கு" என்று சொல்லு. உன் மாமியார் நம்புவார். சேகர் எழுதுகிறதை நிறுத்திவிட்டு, "பொய் சொல்லச் சொல்றீங்களே பெரியப்பா, நாளைக்கு ஊரெல்லாம் உங்களைப் பூதத்தைக் கெளப்புனவன்னு பேசும்" என்கிறான். பேசட்டும். எனக்கு எழுபது தாண்டியாயிற்று, எந்தப் பேரும் இனி என் மேல் ஒட்டாது. மாப்பிள்ளையிடம் மட்டும் என்றைக்காவது உண்மையைச் சொல். அவர் கெட்டவர் இல்லை, செல்போனில் பொய் சொல்லும்போது அவர் குரல் இறங்குகிறது, நான் கவனித்திருக்கிறேன். அப்படியும் உன்னைப் பெட்டியோடு அனுப்பினால் வா. தனம் தனியாகத்தான் இருக்கிறாள். நம் வீட்டில் கூரை ஒழுகுகிற இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் உனக்கும் வேலுவுக்கும்தான்.

எது தங்கியது என்று கேட்டாய் அல்லவா. அதற்குப் பதில் போன வாரம்தான் என் கைக்கு வந்தது. டாக்டரம்மா, "முதல் சில வருஷம்தான் மலை மாதிரி. அதைத் தாண்டிட்டா நெறையப் பிள்ளைங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் தேறும். என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றாள். தாண்டினவர்களை நாம் கண்டோமா என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் படியில் தனம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, ஒட்டடை மாமா?" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. உன் அம்மாவின் கடைசித் தம்பி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான் என்று ஊரே ஒட்டடை என்று கூப்பிட்டது. பத்து எட்டு நடந்தால் உட்காருவான். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைப் பிள்ளைகளைவிடக் குள்ளம், மீசை முளைக்கிற வயசுக்கு அப்புறம்தான் திடீரென்று வளர்ந்தான். நோஞ்சானுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கல்யாணமும் செய்யவில்லை. உனக்குக் காது குத்தினபோது வந்திருந்தான். நோஞ்சான் மடியில் பிள்ளையை வைத்தால் பிள்ளைக்கும் அதே வாகு வந்துவிடும் என்று அவனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, உன் அம்மாவின் சித்தப்பா மகனை மணையில் உட்கார வைத்தோம். அப்புறம் அவன் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. டாக்டரம்மாவிடம் தாய்மாமனே கிடையாது என்று நான் சொன்னது பொய் இல்லை மல்லிகா, நிஜமாகவே எனக்கு அவன் நினைவே வரவில்லை. செத்தவர்களை எல்லாம் வரிசையாக எண்ணினோம். இருக்கிறவனை எண்ணாமல் விட்டுவிட்டோம்.

மறுநாளே பஸ் ஏறினேன். கங்கைகொண்ட சோழபுரத்தில், கோயிலுக்கு வருகிறவர்களிடம் முந்திரியும் கடலையும் விற்றுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "என்ன மாமா, உசுரோட இருக்கேனான்னு பாத்துட்டுப் போவ வந்தீங்களா?" என்றான். "ஆமாண்டா மாப்ளே, சத்தியமா அதுக்குத்தான் வந்தேன்" என்றேன். அவன் சிரித்தான், எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. விற்கிற கடலையில் பாதியை அவனேதான் தின்கிறான், பேசிக்கொண்டே கொறிக்கிறான். "சின்னதுலேருந்து வாய் சும்மா இருந்தா மயக்கம் வரும் மாமா. அதனாலதான் எங்க ஆத்தா என்னை ஒரு விரதத்துக்கும் விடல. லேசா உடம்பு சுட்டாக்கூட இடுப்புல தூக்கிக்கிட்டு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு நடக்கும். அண்ணனுங்க ரெண்டு பேரையும் பறிகொடுத்த பயம் அதுக்கு" என்றான். விஷயத்தைச் சொல்லி, ரத்தம் கொடுக்க வருவாயா என்றேன். "எடுத்துக்கச் சொல்லுங்க. இருக்கறதே ஒரு டம்ளர்தான், அதுல பேரனுக்கு ஆவும்னா நல்லதுதானே" என்று கடலைத் தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தான். அதையும் வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். பதில் போன வாரம் வந்தது. அதே நோய்தான். அதே மூணு கால் கொழுப்பு. டாக்டரம்மா அவனை உட்காரவைத்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள், எடுக்க மனசே வரவில்லை அவளுக்கு. "இவரு நெஞ்சு பலமில்லாத நெஞ்சுதான் தாத்தா, ஆனா இத்தனை வருஷமா அடிச்சுக்கிட்டே இருக்கே" என்றாள்.

அதனால் இந்தக் கடுதாசியைத் தபாலில் போடவில்லை. நான் வந்தால் உன் மாமியார் வாசலோடு அனுப்பிவிடுவார். இவனை அனுப்ப மாட்டார், மருமகளுக்குத் தாய்மாமன் முறை கொண்டாட வந்திருக்கிறவனை எந்த வீடும் வெளியே நிறுத்தாது. வேலுவுக்கான மருந்தும் மாவும் அவன் பையில் இருக்கின்றன. மீன்சுருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடந்து வந்திருப்பான், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். முதலில் அவனுக்குக் கொஞ்சம் கஞ்சி கொடு. அப்புறம் வேலுவைக் கொண்டுவந்து அவன் மடியில் வை. காது குத்துவதற்கு இல்லை, சும்மா வை. குழிவே இல்லாமல் தட்டையாக இருக்கிற அந்தப் பிள்ளையின் உள்ளங்காலையும் இவன் உள்ளங்காலையும் பார், இரண்டு பேருக்கும் கன்னத்தில் விழுகிற குழியைப் பார். இந்தக் கடுதாசியை உன் கையில் கொடுத்துவிட்டு உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். நம் வீட்டில் எதுவும் தங்கவில்லை என்று இனிமேல் சொல்லாதே தாயி. உன் அம்மாவோடு பிறந்தவன், வேலுவுக்கு இருக்கிற அதே நோயோடு பிறந்தவன், இந்த நிமிஷம் வரைக்கும் உசுரோடு இருக்கிறவன், உன் தாய்மாமன் ராசமாணிக்கம்.